மாத்திரைச் சீட்டில் மனசுக்கும் ஒரு வரி: வலிப்பு உள்ளவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"பிட்ஸ் வந்துதா?" கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் கேட்க முடிவது இந்த ஒரு கேள்விதான். வரவில்லை என்றால் பழைய மாத்திரையே தொடரும். வந்தது என்றால் அளவு கூடும். ராத்திரி உறக்கமில்லாமல் புரண்டு கிடப்பதும், மூன்று மாதமாக யாரிடமும் முகங்கொடுத்துப் பேசாததும் அந்தச் சீட்டில் ஏறுவதில்லை. கேட்பவருக்கு நேரமில்லை, சொல்ல வேண்டியவருக்கோ இதெல்லாம் நோயில் சேர்த்தியா என்றே தெரியாது.

சேர்த்திதான். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும், ஐந்தில் ஒருவருக்குப் பதற்ற நோயும் இருக்கின்றன. நோய் வந்துவிட்டதே என்ற கவலை மட்டும் இதற்குக் காரணமல்ல. பலருக்கு வலிப்பு கிளம்புகிற இடமான மூளையின் பக்கவாட்டு மடலும், அதற்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா ஆகிய பகுதிகளும்தான் பயம், துக்கம், நினைவு மூன்றையும் நடத்துகின்றன. முதலில் மனச்சோர்வு வந்து, பிற்காலத்தில் வலிப்பு வருவதும் உண்டு. ஆகவே "தைரியமா இரு" என்பது மருந்தாகாது.

மனசு மாறியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எப்போது மாறுகிறது என்று தெரிய வேண்டும். வலிப்புக்கு முன்னாலா, பின்னாலா, மாத்திரை மாற்றிய பிறகா, எந்நேரமுமா? வைத்தியம் இதைப் பொறுத்தே மாறும்.

முதல் வேலை: காலண்டர்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் இரவு படுக்கும் முன் நான்கு விஷயம் குறிக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தால் 'வ' என்ற எழுத்தும் நேரமும். மாத்திரை ஒரு வேளை தவறினாலும் 'ம'. முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்ற எண். மனசு எப்படி இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். 0 என்றால் மிக மோசம். பெண்களுக்கு மாதவிலக்கு நாளையும் வட்டமிடுங்கள்; சிலருக்கு அந்த நாட்களை ஒட்டியே வலிப்பும் எரிச்சலும் கூடும்.

மதிப்பெண்ணை நோயாளியே போட வேண்டும். வீட்டாருக்கு வேறு மாதிரி தெரிந்தால் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதலாம். இரண்டு எண்ணுக்கும் தொடர்ந்து பெரிய வித்தியாசம் இருந்தால் அதுவும் மருத்துவருக்கு ஒரு செய்தி. குறைந்தது நான்கு வாரம் எழுதுங்கள். வலிப்பு எப்போதாவதுதான் வரும் என்றால் எட்டு வாரம். பலர் முதல் வாரம் ஒழுங்காக எழுதிவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் முந்தின ராத்திரி மிச்சத்தை நினைவிலிருந்து நிரப்புகிறார்கள். அப்படி நிரப்பியதால் பயனில்லை. விட்டுப்போன கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

காலண்டர் சொல்லும் சேதி

வலிப்புக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்னால் மட்டும் சிடுசிடுப்பு வந்து, வலிப்புக்குப் பின் தெளிந்துவிட்டால், அது வலிப்பின் முன்னோட்டம். இதற்கென்று தனி மனநல மாத்திரை பொதுவாக வேண்டியதில்லை. அன்றைக்கு வீட்டில் வாக்குவாதத்தை வளர்க்காமல், குளத்துக்கும் ஏணிக்கும் அவரை அனுப்பாமல் இருந்தால் போதும்.

திடீரென்று காரணமில்லாமல் பெரும்பயம், அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போன்ற உணர்வு, வாயைச் சப்புக்கொட்டுதல், பிறகு கொஞ்சம் நினைவு மங்கல். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. ஒவ்வொரு முறையும் அச்சடித்த மாதிரி ஒரே வரிசையில் வருகிறது. இப்படியிருந்தால் அந்தப் பயமே வலிப்பாக இருக்கக்கூடும். பதற்றத்தால் வருகிற திடீர்ப் பயம் பெரும்பாலும் இதைவிட நீளும், நினைவும் தப்பாது. இதைப் பதற்ற நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் அதற்கான மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியது இது.

வலிப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் அழுகையும் சோர்வும் வருவது பலருக்கு உண்டு. கவனம் தேவைப்படுவது வேறொன்றுக்கு. அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்து ஓய்கின்றன. ஆள் தெளிவாகிவிடுகிறார், வீடே நிம்மதி அடைகிறது. ஒரு நாளோ ஒரு வாரத்துக்குள்ளோ உறக்கம் போகிறது. யாரோ பேசுவது காதில் கேட்கிறது, வீட்டாரையே சந்தேகப்படுகிறார், தெய்வம் தன்னிடம் பேசுவதாகச் சொல்கிறார். இடையில் அந்தத் தெளிவான நாள் இருப்பதால்தான் இதை வலிப்போடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை; பேய் பிடித்துவிட்டது என்று வேறெங்கோ அழைத்துப் போகிறார்கள். இது வலிப்புக்குப் பின் வருகிற மனப்பிறழ்வு. மருந்தில் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அடங்கும். ஆனால் அந்த நாட்களில் தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடும் அபாயம் உண்டு. தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எந்தத் தேதியோடும் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மதிப்பெண் தாழ்ந்தே கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தனியாக வைத்தியம் வேண்டும். புது மாத்திரை தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் மனசு மாறியிருந்தால் சந்தேகம் மாத்திரை மேல் போக வேண்டும்.

மாத்திரைக் கணக்கு

லெவெடிராசிட்டம் இன்று பரவலாக எழுதப்படும் நல்ல மருந்து. ஆனால் அது சிலருக்குக் கோபத்தைக் கிளப்பிவிடும். பொறுமைசாலியான ஆள் தட்டைத் தூக்கி எறிகிறார், பிள்ளையை அடிக்கிறார், பிறகு உட்கார்ந்து அழுகிறார். குடும்பம் இதைக் குணக்கேடு என்று எழுதிவிடும். பெனோபார்பிடோன் பெரியவர்களுக்கு மந்தமும் சோர்வும் தரும். குழந்தைகளில் அதற்கு நேர்மாறாக அடங்காத துறுதுறுப்பைத் தரலாம். டோபிராமேட் எடுப்பவர்களுக்குச் சொல்ல வந்த வார்த்தை நாக்கில் வராமல் நிற்கும், மனமும் தாழலாம். பெராம்பனெல் சிலருக்குக் கடுமையான ஆத்திரம் தரும். லாமோட்ரிஜின், கார்பமாசிபின், வால்புரோயேட் ஆகியவை பொதுவாக மனநிலைக்கு உதவுபவை. அவற்றிலிருந்து வேறு மருந்துக்கு மாறும்போது அதுவரை தாங்கிப் பிடித்தது போய், மனச்சோர்வு வெளியே தெரிவதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செய்ய வேண்டியது இது: மாத்திரை தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதோ, புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்குவதோ அவர் கையில் இருக்கிறது.

எப்படிக் கேட்பது

உறக்கம், களைப்பு, மறதி இந்த மூன்றையும் வைத்து முடிவு கட்ட முடியாது. வலிப்பும் மாத்திரையுமே இவற்றைத் தரும். பார்க்க வேண்டியவை வேறு. முன்பு பிடித்தது எதிலும் இப்போது நாட்டமில்லையா? எல்லாம் தன் குற்றம் என்கிறாரா? "உங்களுக்கு நான் பாரம்" என்கிறாரா? எதைச் செய்தாலும் சரிவராது என்ற பேச்சு வருகிறதா? செத்தால் நல்லது என்ற எண்ணம் உண்டா? இரண்டு வாரமாக இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் அடுத்த மருந்துச் சீட்டு வரை காத்திருக்க வேண்டாம்.

கேட்கும் இடம் முக்கியம். சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் திண்ணை வேண்டாம். துணி மடிக்கும்போதோ, தேங்காய் துருவும்போதோ, முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். "மக்களே, கொஞ்ச நாளா ஒனக்கு ஒண்ணுலயும் மனசில்லாத மாதிரி தெரியுது. என்னண்ணு எங்கிட்ட சொல்லு." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடனே ஆலோசனையை அவிழ்த்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சாவு பற்றிய கேள்வியை நேராகவே கேட்கலாம்: "செத்துப் போயிரலாம்ணு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வலிப்பு உள்ளவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பதால் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஆம் என்றால், எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதற்கும் ஆம் என்றால் அவரைத் தனியே விடக்கூடாது. ஒரு மாத மாத்திரையையும் அவர் கையில் கொடுக்காமல் இரண்டு மூன்று நாளைக்கு உள்ளதை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் பூட்டுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டை விட்டே போகட்டும். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டார் என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார். அதற்காகத் தண்டனை இல்லை.

எங்கே போவது, என்ன சொல்வது

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கட்டுக்குள் வராத வலிப்புக்கு இந்த மாவட்டத்தார் வழக்கமாகப் போகும் இடம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம். அங்குள்ள வலிப்பு மையத்தில் 1995 முதல் அறுவை சிகிச்சை நடக்கிறது.

எங்கே போனாலும் ஒரே தாளில் ஐந்து விவரம் இருக்கட்டும்: இப்போதைய மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராமும், கடைசியாக மாற்றிய தேதி, கடைசி வலிப்பின் தேதி, காலண்டர் சொல்லும் சேதி ஒரு வரியில், முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது. மனநல மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "இவருக்கு வலிப்பு உண்டு" என்றும், நரம்பியல் மருத்துவரிடம் "இவர் மனசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்" என்றும் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறு கட்டடத்தில் இருப்பதால் நடுவில் தகவல் கொண்டுபோகிறவர் நீங்கள்தான்.

மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கூட்டும் என்ற பயத்தில் பலர் வைத்தியத்தையே தள்ளிப்போடுகிறார்கள். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை வழக்கமான அளவில் வலிப்பு உள்ளவர்களுக்கும் கொடுக்கப்படுபவை. சிறு அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். குணம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் வந்து நிறுத்துகிறவர்கள்தான் "எனக்கு அது பிடிக்கல" என்கிறார்கள்; சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். தவிர்க்க வேண்டியவை புப்ரோபியான், குளோமிப்ரமின். வலிக்கு எழுதப்படும் டிரமடாலும் வலிப்பைத் தூண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்க வேண்டாம். மனச்சோர்வுக்கான பிளுவாக்ஸெடின் சேர்த்தால் வலிப்பு மாத்திரைகளான பெனிடாய்ன், கார்பமாசிபின் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் ஏறலாம். கார்பமாசிபின் அல்லது ஆக்ஸ்கார்பசிபின் எடுக்கும் வயதானவர்களுக்கு எஸ்சிடலோபிராம் போன்றவை சேரும்போது ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் வலிப்புமே வரலாம். தொடங்கிய சில வாரத்தில் சோடியம் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைக்குக் கேட்காத துடிப்பு

கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, கூடியும் குறைந்தும் பத்துப் பதினைந்து நிமிடம் துடிப்பவருக்கு மூளையில் மின்பாய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மனம் தாங்க முடியாததை உடம்பு காட்டுகிற விதம் அது, நடிப்பு இல்லை. வலிப்பு மாத்திரை அதற்குக் கேட்காது, பேச்சு வழி மனநலச் சிகிச்சை கேட்கும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். கைபேசியில் முகமும் கைகால்களும் தெரிய, தொடக்கத்திலிருந்து படம் எடுங்கள். வீட்டில் எடுத்த இரண்டு நிமிடப் படம் பல சோதனைகளுக்கு வழி காட்டும். உறுதிசெய்ய வீடியோவோடு சேர்த்து, மூளையின் மின்பாய்ச்சலைப் பதியும் ஈஈஜி சோதனை எடுப்பார்கள்.

வேலையும் வெளியும்

பாதுகாப்பு என்ற பெயரில் ஆளை வீட்டுக்குள் அடைத்து வைப்பது மனச்சோர்வுக்கு உரம் போடுவது. எதைத் தடுக்க வேண்டும், எதை மாற்றினால் போதும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் முதலில். குளம், சானல் (கால்வாய்), கிணற்றடிக் குளியல் வேண்டாம். வாளித் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கட்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல். பனை, தென்னை ஏறுவது கூடாது. கடலுக்குப் போவது வலிப்பு நிற்காதவருக்கு ஆகாது. கரையில் வலை சீராக்கலும் ஏலக் கணக்கும் இருக்கின்றன. நீண்ட காலம் வலிப்பு வராதவர் கடலுக்குப் போவதை மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தங்கும் ஆழ்கடல் படகு என்றால் கணக்கிட்ட நாளைப் போல் இரண்டு மடங்கு மாத்திரை, ஈரம் புகாத டப்பாவில்.

ரப்பர் வெட்டில் ஆபத்து கத்தியில் மட்டும் இல்லை, உறக்கக் குறைவிலும் இருக்கிறது. விடியுமுன் மூன்று மணிக்கு எழும்புகிறவர் ஏழு மணி நேரம் உறங்க வேண்டுமென்றால் ராத்திரி எட்டு மணிக்குப் படுக்க வேண்டும். வீட்டில் சீரியல் ஓடினால் அது நடக்காது. வலிப்பு நிற்காதவருக்கு வெட்டு வேண்டாம். ஷீட் உருளை இயந்திரமும் வேண்டாம். பால் நிறுப்பதும் கணக்கும் பார்க்கலாம்.

பைக் இழப்பது இளவட்டத்துக்குப் பெரிய துக்கம். உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. மறைத்து ஓட்டுவதைத் திட்டுவதைவிட, அவர் போக வேண்டிய இடங்களுக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை பேசி வைப்பது பலன் தரும்.

மனச்சோர்வில் படுத்துக் கிடப்பவரை எழுப்ப ஒரு முறை உண்டு. முதல் வாரம் நாளுக்கு இரண்டு சின்ன வேலை, நேரம் குறித்து: காலை 7 மணிக்குக் கோழிக்குத் தீனி, மாலை 5 மணிக்குக் கடைவரை நடை. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வரவே வராது. செய்த பின்தான் வரும். அடுத்த வாரம் மூன்றாவது வேலை; அதில் ஒன்று வேறொரு ஆளைப் பார்ப்பதாக இருக்கட்டும். தொடங்கும்போதே ஐந்து வேலை கொடுத்துத் தோற்கடிக்க வேண்டாம்.

திருவிழாக் காலம் தனி. மண்டைக்காட்டுக் கொடையோ கோட்டாறு சவேரியார் திருவிழாவோ, பத்து நாளும் இரவு கண்விழித்தால் உறக்கம் கெட்டு, மாத்திரை நேரம் தவறி, வலிப்பு வருகிறது; பிறகு "சாமி குத்தம்" என்று பேச்சு. ஒரு நாள் போகட்டும், பத்து மணிக்குத் திரும்பட்டும், மறுநாள் தாமதமாக எழும்பட்டும். நோன்பு இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றி வாங்க வேண்டும். செபம், மந்திரிப்பு, நேர்ச்சை எதற்கும் வீட்டில் சண்டை போட வேண்டாம். மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு போகட்டும்.

கல்யாணப் பேச்சு

மறைத்துக் கட்டி வைத்த பெண் கணவன் வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள், சில நாள் சாப்பிடாமலே இருக்கிறாள், வலிப்பு வருகிறது. வலிப்பைவிட "எப்பம் தெரிஞ்சுருமோ" என்ற பயம் அவளை அரிக்கும். நிச்சயத்துக்கு முன் சொல்லிவிடுவதே நல்லது; முடிந்தால் மாப்பிள்ளையையும் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

பிள்ளைப்பேறு நினைக்கிறவர்கள் பல மாதம் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். வால்புரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால் மாற்று இருந்தால் முன்பே மாற்றுவார்கள். போலிக் அமிலம் முன்பே தொடங்குவார்கள். கர்ப்பம் தெரிந்ததும் தானாக மாத்திரை நிறுத்துவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. கேரளத்தில் 1998 முதல் இத்தகைய கர்ப்பங்களைப் பதிந்து கவனித்து வருகிறார்கள்; பெரும்பாலோருக்கு நல்ல குழந்தையே பிறந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ராத்திரி ஒரு பால்நேரத்தையாவது வேறொருவர் எடுத்துக்கொண்டு, தாயைத் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் உறங்க விடுங்கள். அது வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்துக் காப்பு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: வகுப்பாசிரியருக்கு முதலுதவியை எழுதியே கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதுவும் வைக்காதே, கையில் இரும்பு கொடுக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மற்ற பிள்ளைகள் பார்க்க விழுந்த மறுநாள்தான் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமான நாள். அன்றைக்கு முதல் மணிக்கே ஒரு நண்பனைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் படுப்பவர்

பெரும்பாலும் அம்மா. கட்டில் லேசாக ஆடினாலும் விழித்துக்கொள்வார். வருடக்கணக்கில் முழு உறக்கம் இல்லாதவர், அவருக்கே சோர்வு வந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அந்த இடத்தில் படுக்க வேண்டும்: அப்பா, அண்ணன், சித்தி, யாராவது. புதிதாகப் படுப்பவருக்கு முதல் இரவே முதலுதவியைச் செய்து காட்டுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை அழுத்து, எப்போது என்பதைப் பாட்டில் மேலேயே ஒட்டி வையுங்கள். காலண்டரில் அம்மாவுக்கும் ஒரு மதிப்பெண் போடலாம். அதுவும் இரண்டு வாரம் தாழ்ந்தே கிடந்தால், அடுத்த முறை ஆசாரிப்பள்ளத்தில் இரண்டு சீட்டு எடுங்கள்.